செகண்ட் ஹேண்ட் மோட்டார் படகு வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு தம்பதி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழந்தைகள், கூடவே தாத்தா. போன மாதம் பவானிசாகர் பக்கம் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்ததிலிருந்து கணவருக்கு ஒரே யோசனை. சொந்தமா ஒரு படகு இருந்தா, லீவு நாளில் குடும்பத்தோடு தண்ணியில் இறங்கி, தூண்டில் போட்டு, நாமே பிடித்த மீனை வறுத்துச் சாப்பிடலாமே!

தேட ஆரம்பித்ததும் போனில் விளம்பரங்கள் வந்து குவிகின்றன. '16 அடி ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார், நல்ல கண்டிஷன், ட்ரெய்லர் ஃப்ரீ'. படகு இருப்பது கொச்சிப் பக்கம். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது.

மனைவியிடம் காட்டுகிறார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "படகு நல்லாத்தான் இருக்குதுங்க. இதை எங்கீங்க மிதக்க விடறது?"

பழைய படகு வாங்க நினைக்கும் கோவைக்காரர்கள் பலர் இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது இதுதான். எந்தத் தண்ணி என்று முடிவானால்தான் எந்தப் படகு, எந்த மோட்டார், என்ன பேப்பர் என்பதெல்லாம் முடிவாகும்.

புதுசு வாங்காமல் ஏன் பழசைத் தேடுகிறார்கள்? விலைதான் காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் பயணத்துக்கான படகுகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்துவிட்டது. அதனால் பலருடைய பார்வை பழைய படகுகள் மேல் திரும்புகிறது. அது தப்பில்லை. ஆனால் பழைய கார் நடுரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளலாம். பழைய படகு நடுத்தண்ணியில் நின்றால், உள்ளே உட்கார்ந்திருப்பது நம் குழந்தைகள்.

எந்தத் தண்ணியில் ஓட்டப் போறீங்க?

கோவையைச் சுற்றி அணைகளுக்குக் குறைவில்லை. ஆழியாறு, அமராவதி, பவானிசாகர், கொஞ்சம் தள்ளிப் போனால் மேட்டூர். 'இத்தனை தண்ணி இருக்கே, எங்கேயாவது இறக்கிக்கலாம்' என்று தோன்றும். அப்படி இறக்க முடியாது.

அணைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருப்பவை. பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிப்பை நடத்துவது தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம். மேட்டூரில் உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை போடுகிறார்கள். அது அவர்களுடைய பிழைப்பு. இதற்கு மேல் காடு வேறு இருக்கிறது. அமராவதி அணை ஆனைமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியது, அதில் முதலைகள் இருப்பது ஊரறிந்த விஷயம். பவானிசாகரின் கரைக்குச் சத்தியமங்கலம் காட்டு யானைகள் தண்ணி குடிக்க வரும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் இங்கெல்லாம் தனியார் மோட்டார் படகை இறக்கி மீன் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அனுமதியே கிடைத்தாலும் அணைத் தண்ணி நிலையாக இருக்காது. பவானிசாகரில் நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிக் கிடக்கும் டணாய்க்கன் கோட்டை கோயில் வெளியே தெரியும். மேட்டூரில் பண்ணவாடி நந்தி சிலை தலை காட்டும். அது செய்தியில் பார்க்க அழகுதான். ஆனால் நீர்மட்டம் இரண்டு மூன்று அடி உயர்ந்து, அவை தண்ணிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நாட்களில் வேகமாகப் போகும் படகின் கதி என்ன? பழைய மரக்கட்டை, பாறை, மீனவர் வலை என எதில் வேண்டுமானாலும் புரொப்பல்லர் சிக்கலாம்.

ஆக, கோவைக் குடும்பத்துக்கு மோட்டார் படகோடு போக நடைமுறையில் எளிதாக இருப்பது கேரளத்தின் காயல் பகுதிகள்தான். கொச்சி சுமார் 190 கிலோமீட்டர். அங்கிருந்து வேம்பநாட்டுக் காயல் தொடங்குகிறது. அலை குறைவு, படகுத்துறைகள் உண்டு, மெக்கானிக்குகளும் உண்டு. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் கடலில் இறங்குவது வேறு ஆட்டம். அதற்கு வேறு படகு, வேறு அனுபவம் வேண்டும். முதல் படகை வாங்கும் குடும்பத்துக்கு அது சரிப்படாது.

ஆர்.சி. புக் மாதிரி படகுக்கும் உண்டா?

உண்டு. 1917-ம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021-ல் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம் வந்தது. ஆறு, ஏரி, காயல் போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுகளுக்கு சர்வே சான்றிதழும் பதிவுச் சான்றிதழும் வேண்டும் என்கிறது இது. காப்பீட்டையும், ஓட்டுபவருக்கான தகுதிச் சான்றிதழையும் பற்றிப் பேசுகிறது. ஒரு மாநிலத்தில் செய்த பதிவு மற்ற மாநிலங்களிலும் செல்லும். கேரளத்தில் இதைக் கவனிப்பது கேரள கடல்சார் வாரியம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை இவை:

• பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறது? விற்கிறவரும் அவரும் ஒரே ஆளா?

• படகின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் பேப்பரில் இருக்கும் எண்ணும் ஒன்றா?

• கடைசி சர்வே எப்போது நடந்தது? எத்தனை பேருக்கு அனுமதி?

• மோட்டாரின் மேல் பொறித்திருக்கும் சீரியல் நம்பர் பில்லோடு ஒத்துப்போகிறதா? சுரண்டிய தடம் இருக்கிறதா?

• வங்கிக் கடனோ சங்கக் கடனோ பாக்கி இருக்கிறதா?

மீனவர்களிடமிருந்து வாங்கும்போது இன்னொரு கேள்வியும் உண்டு. மோட்டார் அரசு மானியத்தில் வாங்கியதா? அப்படியானால் அதை விற்க நிபந்தனைகள் இருக்கலாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

'ட்ரெய்லர் ஃப்ரீ' என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு வாகனம்தான். பதிவு எண் இல்லாத ட்ரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டி வருவது வம்பை விலைக்கு வாங்குவது மாதிரி.

மீன்பிடிப் படகை வாங்கி குடும்பப் படகாக மாத்திக்கலாமா?

விளம்பரத்தில் விலை குறைவாக இருப்பவற்றில் பல, மீன்பிடித் தொழிலில் ஓடிய படகுகள். 'மேலே ஒரு கூரை, நாலு சீட்டு போட்டா ஃபேமிலி போட் ரெடி' என்பார்கள். இங்கேதான் நிதானிக்க வேண்டும்.

2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை மாலை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதில் பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றி அமைத்து உருவாக்கிய படகு என்பதும், அனுமதித்த அளவைவிட அதிகம் பேர் ஏறியிருந்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது.

மாற்றி அமைத்தால் என்ன ஆகிறது? மீன்பிடிப் படகில் எடை எல்லாம் கீழே இருக்கும். ஐஸ், வலை, பிடித்த மீன் எல்லாம் அடித்தளத்தில்தான். அந்தக் கீழ் எடைதான் படகை நிமிர்த்திப் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டு மேலே கூரையும் தளமும் போட்டு, அதில் ஆட்களை ஏற்றினால் எடை மேலே போய்விடுகிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் படகு திரும்ப நிமிராது. தலையில் குடத்தை வைத்துக்கொண்டு நடப்பவரையும், இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு நடப்பவரையும் யோசித்தால் வித்தியாசம் புரியும்.

2009 செப்டம்பர் 30-ல் தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோதும், அளவுக்கு மீறிய கூட்டமும், விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்ததும் காரணங்களாகப் பேசப்பட்டன. தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை நாளில் பழவேற்காடு ஏரியில் குடும்பமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

இந்த மூன்றுமே புயலில் நடுக்கடலில் நடந்தவை அல்ல. கரைக்குப் பக்கத்திலோ ஏரியிலோ, ஜாலியாகப் போன பயணத்தில் நடந்தவை.

எனவே, பிறகு சேர்த்த மேல்தளமோ கூரையோ உள்ள பழைய படகு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அதேபோல், தமிழகக் கடற்கரையில் பரவலாக இருக்கும் நீளத் தண்டு டீசல் எஞ்சின் படகுகளும் குழந்தைகளோடு போக ஏற்றவை அல்ல. சுற்றும் தண்டும் பெல்ட்டும் திறந்தே இருக்கும். தொழில் செய்பவருக்கு அது பழக்கம். நாலு வயசுக் குழந்தைக்கு அது ஆபத்து.

எத்தனை பேர் ஏறலாம்? ஒரு சின்ன கணக்கு

படகில் கொள்ளளவுத் தகடு இருந்தால் அதுதான் வேதவாக்கு. தகடு இல்லாத, 20 அடிக்குக் குறைவான சாதாரண ஒற்றை உடல் படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு எளிய வழி சொல்கிறது. படகின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, 15-ஆல் வகுக்க வேண்டும்.

நம் சரவணம்பட்டிக் குடும்பம் பார்த்த படகு 16 அடி நீளம், 5 அடி அகலம் என்று வையுங்கள். 16-ஐ 5-ஆல் பெருக்கினால் 80. அதை 15-ஆல் வகுத்தால் 5.3. அதாவது 5 பேர்.

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், தாத்தா. சரியாக 5 பேர். 'அப்பாடா, கரெக்டா இருக்கு' என்று தோன்றும். ஆனால் உள்ளூர் ஓட்டுநர் ஒருவர் வேண்டுமே? அவரோடு 6. கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது.

இது ஒரு ஆளுக்கு சுமார் 68 கிலோ என்று வைத்து, காற்று இல்லாத அமைதியான தண்ணிக்குப் போட்ட கணக்கு. ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், சாப்பாட்டுக் கூடை எல்லாம் எடைதான். 'குழந்தைங்கதானே, மடியில வெச்சுக்கலாம்' என்பது பஸ்ஸுக்குச் சரி. படகுக்குச் சரிவராது. இந்தக் குடும்பத்துக்கு 18 அடி நீளம், 6 அடி அகலம் உள்ள படகு பொருந்தும். கணக்குப்படி 7 பேர். 6 பேர் ஏறினால் கொஞ்சம் இடம் மிச்சம்.

படகின் உடம்பு: தட்டிப் பாருங்க, மிதிச்சுப் பாருங்க

புது பெயின்ட் அடித்த பழைய படகைப் பார்த்தால் சந்தேகம் வர வேண்டும். பெயின்ட் எதையாவது மறைக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஃபைபர் உடம்பை ஐந்து ரூபாய் நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று தெளிவாகக் கேட்டால் நல்லது. திடீரென்று 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்டால், அந்த இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம் அல்லது உள்ளே தண்ணி ஏறியிருக்கலாம். பழுத்த பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் காது ஏற்கெனவே உண்டு.

தரைப்பலகையில் ஏறி நடந்து பாருங்கள். கால் அமுங்கினால் உள்ளே மரம் உளுத்திருக்கிறது. படகின் அடியில் கொப்புளங்கள் இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய விரிசல்கள் மேல்பூச்சில் மட்டும் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே இடத்தில் அடர்த்தியாக இருந்தால் அங்கே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மோட்டார் மாட்டியிருக்கும் பின்சுவர். 'டிரான்சம்' என்பார்கள். மோட்டாரை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அழுத்துங்கள். பின்சுவர் அசைந்தாலோ, 'கிரீச்' என்று சத்தம் வந்தாலோ உள்ளே இருக்கும் மரம் போய்விட்டது. இதைச் சரிசெய்வது பெரிய செலவு. சரிசெய்யாவிட்டால், ஓடும்போது மோட்டாரே பிய்ந்து போகலாம்.

கடைசியாக, படகுக்குள் ஃபோம் அடைத்த பகுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே தண்ணி நிறைந்தாலும் படகு மூழ்காமல் மிதக்க அதுதான் உதவும். பழைய படகில் அந்த ஃபோமே தண்ணியைக் குடித்து ஊறிப்போயிருக்கலாம். படகு வழக்கத்தைவிடக் கனமாக, தண்ணியில் தாழ்வாக மிதந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

மோட்டார்: பம்புசெட் ஊருக்குப் புரிகிற பாடம்

அவுட்போர்டு மோட்டாரில் ரேடியேட்டர் கிடையாது. கீழே இருக்கும் சின்ன ரப்பர் இம்பெல்லர் காயல் தண்ணியையே இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும். வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கம் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சும். அது வரவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். தண்ணி இழுக்காத பம்பு எரிந்துபோகும் என்று கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியவை:

• நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாக இருக்கிறதா? கவரில் கை வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைப்பது பழைய தந்திரம். குளிர்ந்த எஞ்சினை உங்கள் கண்முன்னே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

• கம்ப்ரஷன் டெஸ்ட். டூ-வீலர் மெக்கானிக்கிடம் இருக்கும் அதே மாதிரியான கருவிதான். இரண்டு மூன்று சிலிண்டர் இருந்தால், அவற்றுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

• கீழே கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணி போயிருக்கிறது, சீல் போய்விட்டது. உலோகத் துகள் மின்னினால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

• புரொப்பல்லரைக் கையால் சுற்றிப் பாருங்கள். தண்டு வளைந்திருந்தால் ஆட்டம் தெரியும். தூண்டில் நரம்பு தண்டில் சுற்றி சீலை வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

• உப்புத் தண்ணியில் ஓடியதா? போல்ட்டுகளின் ஓரம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். துருப்பிடிப்பதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி கரைந்து தீர்ந்திருக்கும்.

டூ-ஸ்ட்ரோக்கா, ஃபோர்-ஸ்ட்ரோக்கா? டூ-ஸ்ட்ரோக் எடை குறைவு, ரிப்பேர் எளிது. ஆனால் சத்தமும் புகையும் அதிகம். ஃபோர்-ஸ்ட்ரோக் அமைதியாக ஓடும், பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். ஆனால் கனம் அதிகம். பழைய டூ-ஸ்ட்ரோக்குக்காகக் கட்டிய படகில் கனமான ஃபோர்-ஸ்ட்ரோக்கை மாட்டினால் பின்பக்கம் தாழ்ந்து, அலை உள்ளே ஏறும். மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் கேரளக் கடற்கரையில் நிறைய உண்டு. மீனவர்களுக்கு மானிய மண்ணெண்ணெய் கிடைக்கும் என்பதால் அவை ஓடுகின்றன. உங்களுக்கு அது கிடைக்காது. அந்தப் புகையில் குழந்தைகளால் உட்காரவும் முடியாது.

ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட கொடுக்காதீங்க

கரையில் நிற்கும் படகை வாங்குவது, கல்யாண ஆல்பத்தைப் பார்த்துப் பெண்ணுக்கு மாப்பிள்ளை முடிவு செய்வது மாதிரி. தண்ணியில் இறக்கி, குறைந்தது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். உள்ளே எவ்வளவு தண்ணி சேருகிறது, அதை இறைக்கும் பம்பு வேலை செய்கிறதா, திருப்பும்போது ஸ்டியரிங் இழுக்கிறதா, ரிவர்ஸ் கியர் விழுகிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக, உங்கள் குடும்பம் போகப்போகும் எடையோடு ஓட்டிப் பாருங்கள். ஒரு ஆள் ஓட்டும்போது பறக்கும் படகு, ஆறு பேர் ஏறினால் தவழலாம். அப்போது தண்ணி மட்டத்துக்கும் படகின் விளிம்புக்கும் இடையே எவ்வளவு உயரம் மிச்சம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இந்தச் சோதனைக்குக் குழந்தைகளை அழைத்துப் போக வேண்டாம். பெரியவர்கள் போதும், மீதி எடைக்குத் தண்ணி கேன்கள் போதும்.

உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக் வேண்டாம், நீங்களே தேடிப் பிடித்தவராக இருக்கட்டும். "அண்ணா, உங்க குடும்பத்தை இதுல கூட்டிட்டுப் போவீங்களா?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் இருந்தா போதுமா?

போதாது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 2023-ம் ஆண்டு அறிக்கைப்படி, அந்த ஆண்டு அங்கே பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்த மரணங்களில் 75 சதவீதம் நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. படகில் ஜாக்கெட் இருந்ததா என்பதைவிட, உடம்பில் இருந்ததா என்பதே முக்கியம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'ஸ்விம் வெஸ்ட்' நீச்சல் குளத்துக்கானது. படகுக்குக் குறைந்தது 100 நியூட்டன் மிதவைத் திறன் எழுதியிருக்கும் ஜாக்கெட் வேண்டும். குழந்தைக்கு அளவு பார்த்து, கால்களுக்கு இடையே வரும் பட்டையோடு வாங்க வேண்டும். போட்டுவிட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிய சைஸ்.

கூடவே கில் ஸ்விட்ச் கயிறு. ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு இது. அவர் தண்ணியில் விழுந்தால் எஞ்சின் உடனே நின்றுவிடும். பழைய படகுகளில் பெரும்பாலும் தொலைந்து போயிருப்பது இதுதான். அது இல்லாமல் ஓட்டிக் காட்டுகிறார் என்றால், அந்தப் படகை இத்தனை நாளும் எப்படி வைத்திருந்தார் என்று யூகித்துக்கொள்ளலாம்.

ஆடிக் காத்தும் கள்ளக்கடலும்

'ஆடிக் காத்தில் அம்மியும் பறக்கும்' என்பதன் அர்த்தம் கொங்கு நாட்டுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில்தான் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று திறந்த நீர்ப்பரப்பில் வீசும்போது, கரையில் நிற்பவருக்கு இதமாக இருக்கும், சின்னப் படகில் இருப்பவருக்கு அலையாக இருக்கும். பொதுவாகக் காலையில் அமைதியாக இருக்கும் தண்ணி, மதியத்துக்கு மேல் காற்று ஏற ஏறக் கலங்கும். விடியற்காலையில் இறங்கி, மதியத்துக்குள் கரை சேர்வது நல்ல பழக்கம்.

கடல் பக்கம் போவதாக இருந்தால் 'கள்ளக்கடல்' என்ற சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கோ தொலைவில், தெற்கே பெருங்கடலில் உருவாகும் நீண்ட அலைகள், உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் கேரள, குமரிக் கரைகளில் சொல்லாமல் வந்து ஏறும். கோடை விடுமுறைக் காலத்திலேயே இது வருவதுண்டு. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு எச்சரிக்கை வெளியிடும். போனில் வானிலை ஆப் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இது தெரியாமலே போகலாம்.

வாங்கின பிறகு வரும் செலவு

உப்புத் தண்ணியில் ஓடிய மோட்டாரை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணி விட்டு அலச வேண்டும். இம்பெல்லர், கியர் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் காலம் பார்த்து மாற்ற வேண்டும். படகை நிறுத்த இடத்துக்கு வாடகை உண்டு, வெயிலும் மழையும் படாமல் மூட வேண்டும்.

பலர் யோசிக்காத ஒன்று பெட்ரோல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடும் காரில் அது பெரிதாகத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கும் படகில், காயல் ஓரத்து ஈரக்காற்றில், டேங்க்குக்குள் தண்ணி தனியாகப் பிரிந்து அடியில் தங்கலாம். பழைய மோட்டாரின் ரப்பர் குழாய்களையும் எத்தனால் பாதிக்கும். எனவே தண்ணியைப் பிரிக்கும் ஃபில்டர் வேண்டும். நீண்ட நாள் நிறுத்தும்போது பழைய பெட்ரோலை வைத்திருக்கக் கூடாது.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

வருஷத்துக்கு எத்தனை நாள் போவீர்கள் என்பதுதான் விடை. கொச்சிப் பக்கம் சொந்தமோ, நம்பிக்கையான ஆளோ இருந்து, மாதம் இரண்டு முறை போக முடியும் என்றால், பேப்பர் சுத்தமான, உடம்பும் மோட்டாரும் தேறிய பழைய படகு நல்ல முடிவு. வருஷத்துக்கு மூன்று நாலு தடவைதான் என்றால், பதிவும் காப்பீடும் உள்ள படகை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுப்பதே லாபம். ஓட்டாமல் நிறுத்தி வைத்த மோட்டார் ஓடிய மோட்டாரைவிடச் சீக்கிரம் கெடும்.

குழந்தைகளுக்குத் தண்ணிப் பயணம் பிடிக்கிறதா என்பதே இன்னும் தெரியவில்லையா? காரமடை தாண்டி பரளிக்காட்டில் வனத்துறையும் மலைக்கிராம மக்களும் சேர்ந்து நடத்தும் பரிசல் சவாரிக்கு முன்பதிவு செய்து ஒரு நாள் போய் வாருங்கள். மோட்டார் சத்தம் இல்லாமல், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பில்லூர் அணைத் தண்ணியில் மெதுவாகப் போகலாம். அரை மணி நேரத்தில் 'எப்பப்பா கரைக்குப் போவோம்?' என்று கேட்கும் குழந்தைக்குப் படகு வாங்க வேண்டியதில்லை.

நம் சரவணம்பட்டிக் குடும்பத்துக்கு வருவோம். அந்த 16 அடிப் படகு அவர்களுக்குப் போதாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிட்டது. ட்ரெய்லருக்கு நம்பர் இல்லை என்பது போனில் கேட்டபோதே தெரியும். இந்த வருஷம் இரண்டு மூன்று முறை கொச்சிக்குப் போய், வாடகைப் படகில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காற்றை எப்படிப் பார்க்கிறார், மோட்டாரை எப்படிக் கேட்கிறார் என்று கற்றுக்கொண்டால், அடுத்த வருஷம் விளம்பரத்தைப் பார்க்கும் கண்ணே வேறாக இருக்கும். அப்போதும் மனைவி அதே கேள்வியைக் கேட்பார். எங்கே மிதக்க விடுவது என்று அன்றைக்கு அவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.